நூற்று அறுபதாவது படியில் சுனை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு இதுவரை அதிகம் பேரை ஏற்றிவிட்டவர் யார் என்று கேட்டால், சரித்திர வாத்தியார்கள் ஏதாவது ஒரு ராஜாவைச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது படி சிஸ்டர்தான். முக்கால்வாசிப் பேரைக் கட்டிலில் படுக்க வைத்தபடியே ஏற்றினார் என்பது அவருடைய கூடுதல் பெருமை.

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு பெரிய ஜன்னல். ஜன்னல் முழுக்க ராஜகிரிதான். அதைப் பார்த்துப் பார்த்தே அந்த அம்மாள் தனக்கென்று ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். ஆபரேஷன் முடிந்தவன் மலையடிவாரத்தில் நிற்கிறான். ஜுரம் இறங்கினால் ஐம்பது படி, தையல் காய்ந்தால் நூறு படி. உச்சிக்குப் போனால் வீட்டுக்குப் போகலாம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. டாக்டரே அவரைப் படி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வரும்போது "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கமாட்டார். "இவர் எத்தனாவது படி?" என்பார். அந்த அளவுக்கு அவரையும் கெடுத்து வைத்திருந்தார் சிஸ்டர்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நில அளவைப் பதிவேட்டில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழிப்பது என் வேலை. ஒருநாள் சுழித்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்க வயிற்றில் ஒரு வலி வந்து என்னைச் சுருட்டிப் போட்டது. குடல்வால் வீங்கிவிட்டது, அறுத்து எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். மூக்கில் மயக்க மருந்தை வைத்து எண்ணச் சொன்னார்கள். ஏழுவரை எண்ணியது நினைவிருக்கிறது. எட்டு என்று சொன்னது என் குரல் இல்லை.

கண்ணைத் திறந்தபோது மலை ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் வெள்ளையாக ஒரு மேகம். மேகம் குனிந்து பேசியது.

"முழிச்சிக்கினியா தம்பி? இப்போ அடிவாரத்துல சக்கரக்குளத்தாண்ட நிக்கிறே. மொதப் படியே இன்னும் ஏறல."

"தண்ணி…"

"தண்ணி சுனையிலதான். சுனை நூத்தி அறுபதாவது படியில இருக்குது. அதுவரைக்கும் ஒரு சொட்டு கெடையாது."

வயிற்றைத் திறந்து மூடினால் குடல் தூங்கிப்போய்விடுமாம். அது விழித்துக்கொண்டதற்கு ஒரே அடையாளம், மரியாதையாகச் சொன்னால், காற்றுப் பிரிவது. அது பிரிகிறவரை தண்ணீர் ஆகாது. ஈரப்பஞ்சால் உதட்டை மட்டும் ஒற்றுவார் சிஸ்டர். கூடவே, "இருவது… இருவத்தொண்ணு… குரங்கு வரும், பயப்படாதே… இருவத்திரெண்டு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் பாதி மயக்கத்தில் ஏறிக்கொண்டே இருப்பேன். காலடியில் பாறை சுடும். மேலே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். விழித்துப் பார்த்தால் மத்தியான வெயிலில் வார்டே தூங்கிக்கொண்டிருக்கும், சிஸ்டரின் கை என் நெற்றிமேல் இருக்கும். அந்தக் கை இருக்கிறவரை எனக்குப் பயம் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் அத்தர் பாய். கடைத்தெருவில் அத்தரும் ஊதுவத்தியும் விற்கிறவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர். வேலையில் பதவி இறக்கப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"தொள்ளாயிரத்துல இருந்தேன் தம்பி. ஒரே ஒரு பீடி. எட்நூறுக்குத் தள்ளிட்டாங்க."

இரண்டாம் நாள் என் நைனா துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். மகன் வயிற்றில் காற்று அடைத்திருக்கிறது, சோடா குடித்தால் காற்று பிரியும். இது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், இந்த டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவர் கட்சி. சிஸ்டர் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்துக் கட்டிலுக்கடியில் குனிந்தார். ஆனால் கோலி சோடாவை ரகசியமாக உடைக்க இதுவரை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. 'டொப்' என்று வெடித்த சத்தத்தில் எட்டுக் கட்டிலும் எழுந்து உட்கார்ந்தது.

சிஸ்டர் வந்து நின்றார். "இன்னா பெரியவரே அது?"

"ஒண்ணுமில்லம்மா… எனக்குத்தான். தாகமா இருந்துச்சு."

"அப்போ குடிங்க. நான் பாக்கணும்."

நைனா நின்றபடியே முழுப் பாட்டிலையும் குடித்தார். குடித்து முடித்ததும் ஓர் ஏப்பம் விட்டார், மேகம் கலைந்திருக்கும்.

"இது உம்ம புள்ளைக்கு வரணும் பெரியவரே, அதுவும் கீழ் வழியா" என்றார் சிஸ்டர். எனக்கு இருபது படி அபராதம் போட்டார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் அத்தர் பாய் சிரித்து, "அல்லா, அல்லா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. என் வயிறு பறைமாதிரி விறைத்திருந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் குடல் வேலை செய்யாவிட்டால் மெட்ராசுக்கு எடுத்துப்போய் மறுபடி திறக்கவேண்டும் என்று நைனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். தாழ்ந்த குரல்தான் நோயாளிக்கு நன்றாகக் கேட்கும். நான் செத்துப்போவேன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டு மணி, சிஸ்டருக்கு வேலை முடிகிற நேரம். குடையை எடுத்தவர் என்னைப் பார்த்தார். குடையைத் திரும்ப மாட்டினார்.

"எழுந்திரு. படுத்துக்கினே ஏறுனது போதும்."

என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தையல்மேல் தன் உள்ளங்கையை அண்டக் கொடுத்து, கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் நடத்தினார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி. தொண்ணூறில் நான் அழுதேன். "அழுதுக்கினே நட" என்றார். நூற்றுப் பத்தில் வார்டு கரைந்து போனது. சுவர் இல்லை, கட்டில் இல்லை, வெயிலும் பாறையும் அவர் குரலும் மட்டும் இருந்தன. நூற்று நாற்பதிலிருந்து அத்தர் பாயும் சேர்ந்து எண்ணினார். நூற்று ஐம்பதில் எட்டுக் கட்டிலும் எண்ணியது. வாசலில் நின்ற நைனா எண்ணாமல் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நூற்று ஐம்பத்தெட்டில் அது நடந்தது. நீளமாக, ஒளிவுமறைவு இல்லாமல், எனக்கே வெட்கமாகும்படி நடந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார் அத்தர் பாய். மூலைக் கட்டில்காரர் கை தட்டினார். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். படி சிஸ்டர் மட்டும் பதறாமல் என்னை மிச்சம் இரண்டு அடியும் நடத்தி, கட்டிலில் உட்கார வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார்.

"குடி. சுனை வந்துட்டுது."

அந்த ஒரு கரண்டிக்கு ஈடாக நான் இதுவரை எதையும் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து நிஜ ராஜகிரி ஏறினேன். பதிவேட்டில் தப்புக் கண்டுபிடிக்கிறவன் சும்மா ஏறுவேனா? எண்ணிக்கொண்டே போனேன். நூற்று அறுபதாவது படியில் ஒரு குரங்கு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. சுனை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அது எங்கேயோ மேலே, எண்ணிக்கை மறந்து மூச்சு வாங்குகிற இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் புட்டியைக் கழுவி எடுத்துப்போயிருந்தேன். அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சிஸ்டரை மடக்கியே தீர்வது என்று நேராக வார்டுக்குப் போனேன்.

சிங்கவரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் ஆபரேஷன் முடிந்து, காய்ந்த உதட்டோடு என் பழைய கட்டிலில் கிடந்தார். சிஸ்டர் ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டே, "நூத்தி அறுபதாவது படி, அங்கதான் தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், மலைக்குப் போயிட்டு வரேன்" என்றேன்.

"நெசமாவா? நீயே ஏறுனியா?" அவர் முகம் விரிந்தது.

"ஏன், நீங்க போனதே இல்லையா?"

"நானா? இருவது வருசமா நின்னு நின்னு தேஞ்ச முட்டி இது. இந்த ஆஸ்பத்திரி வாசப்படியே எனக்கு மலைதான். எல்லாம் இந்த ஜன்னல்ல பாத்ததுதான் தம்பி."

புட்டியை நீட்டினேன். மருந்து கொடுக்கிற அதே கரண்டியில் ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டு, கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"சுனை எத்தனாவது படி தம்பி?"

கட்டிலில் கிடந்த அம்மாளும் என்னையே பார்த்தார்.

"நூத்தி அறுபது சிஸ்டர். நீங்க சொன்ன அதே எடம்."

"பாத்தியாம்மா? நான் சொல்லல?" என்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினார் படி சிஸ்டர்.

எத்தனையோ பேர் தப்பைச் சுழித்தவன் நான். அந்தச் சுனை மட்டும் எனக்கு இன்றைக்கும் நூற்று அறுபதாவது படியில்தான் இருக்கிறது.