ரிஜக்ட் அக்காவும் என் இடது காதும்

திருவொற்றியூரில் கிடைக்கும் பொருள்கள் அனைத்தையும், நடமாடும் மனிதர்களில் முக்கால்வாசிப் பேரையும் வேண்டாம் என்று தள்ளிய ஒரே பெண்மணி எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில்தான் இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஹாஸ்டல் ரிஜிஸ்டரில் இருந்தது. அதை வார்டனே மறந்துவிட்டார். எங்களுக்கு அவள் ரிஜக்ட் அக்கா.

அக்காவுக்குப் பழவேற்காடு. மீன்பிடிக் குடும்பம். பத்து வருஷமாகத் திருவொற்றியூர் ரப்பர் கம்பெனி ஒன்றில் வேலை. அச்சிலிருந்து வரும் வாஷர்களை ஒவ்வொன்றாக ஓர் இரும்புக் கட்டையில் மாட்டிப் பார்க்க வேண்டும். கச்சிதமாகப் பொருந்தினால் பச்சைக் கூடை, இல்லாவிட்டால் சிவப்புக் கூடை. மற்றவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் கூடையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அக்கா அந்தச் சிவப்புக் கூடையை மனசில் சுமந்துகொண்டு ஹாஸ்டலுக்கு வருவாள். கைப்பையில் சீப்பு, பவுடர், கைக்குட்டையோடு ஒரு வெர்னியரும் இருக்கும். அளவு பார்க்கும் அந்தக் கருவியால் அவள் அளக்காதது கடல் மட்டும்தான்.

அவள் தீர்ப்பு ஒரே வார்த்தை: "உக்காரல."

வளையல் உக்காரல. செருப்பு வார் உக்காரல. பொன்னேரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தார். அக்கா காபியை நீட்டிவிட்டு, கைப்பையைத் திறந்து, நேராக அவர் கழுத்தருகே போய்விட்டாள்.

"காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல எம்மாம் கேப்பு கீது பாரு. உக்காரல."

"வேற சட்டை போட்டுக்கலாம்மா," என்று கெஞ்சினார் மாப்பிள்ளையின் மாமா.

"சட்டை பாஸ் நைனா. கழுத்துதான் ரிஜக்ட்."

தினசரிச் சண்டை சமையல்கார ரஞ்சிதம்மாவோடு. தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, "இன்னா ரஞ்சிதம்மா, இட்லி ஒரு பக்கம் தூக்கிகினு கீது. தட்டுல உக்காரல," என்பாள் அக்கா. "ஆமாம்மே, எயுந்து ஓடப் போவுது. கெட்டியா புட்ச்சிக்கோ!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கரண்டியும் சில நாள் வரும்.

இந்த அக்காவின் கையில் என் வேலை சிக்கியது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். அப்போது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு தொழில் சென்னையைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்காவில் டாக்டர் வாயால் சொன்னதை இங்கே நாம் காதால் கேட்டு டைப் அடிக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும் சாலையில், இரண்டாவது மாடியில் இருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானின் காதைத்தான் முதலில் பரிசோதித்திருக்க வேண்டும்.

கேட்காத வார்த்தைக்கு ஒரு கோடு போட்டு விட்டுவிடலாம் என்பது விதி. நான் அடித்த ரிப்போர்ட்டில் வார்த்தைகளைவிடக் கோடுகள் அதிகம். ஆபீஸில் கொடுத்த இயர்போன் ஸ்டெதாஸ்கோப் மாதிரி தாடைக்குக் கீழே தொங்கும். வலது காதில் வழுக்கி விழும், இடது காதில் ஆணி அடிக்கும். நடுவில் டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் விழுங்கிவிடுவார். வேலை நிரந்தரமாக மூன்று பரீட்சை வாய்ப்புகள். இரண்டில் தோற்றுவிட்டேன். மூன்றாவதும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் திண்டிவனம் போய்ச் சேர வேண்டியதுதான். ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் காது மடலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இன்னாத்துக்கு அயுவுற? உன் காது நல்லா கீது. மாட்டுற சாமான்தான் கலீஜு."

மறுநாளே பர்மா பஜாரில் பேரம் பேசி, காதுக்குள் நுழைகிற இயர்போன் ஒன்றை வாங்கி வந்தாள். அதோடு ரெக்கார்டிங் பட்டன் உள்ள தன் வாக்மேனையும், 'மாஸ்டர் சாம்பிள்' என்று எழுதிய ஒரு கேசட்டையும் எடுத்தாள். அவள் கம்பெனியில் குறையே இல்லாத ஒரு வாஷரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்களாம். மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பாஸாகும். இயர்போனுக்கு அக்காவின் மாஸ்டர் சாம்பிள் இந்தக் கேசட். ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்த ஒரு நாளில், சமையலறை வாசலில் யார் கண்ணிலும் படாமல் நின்று அவளே பதிவு செய்தது.

"இதுல குக்கர் கூவும், லாரி அலறும், பாத்திரம் உருளும். அதெல்லாம் எந்த டப்பா இயர்போன்லயும் கேக்கும். அதுக்கு அடியில ரஞ்சிதம்மா நம்பள வாய்க்குள்ளயே திட்டிகினு கீதா? அது ஒரு வார்த்தை வுடாம கேட்டாதான் பாஸு."

இயர்போனை அப்படியே மாட்டியபோது எனக்குக் குக்கர் மட்டும் கேட்டது. அக்கா அதன் முனையில் சைக்கிள் வால்வ் ட்யூபை வெட்டி மாட்டினாள். இப்போது என் இதயத் துடிப்பு மட்டும் கேட்டது. கழற்றினால் இயர்போன் வெளியே வந்தது, ட்யூப் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் அலற, ஹாஸ்டலே கூடிவிட, அக்கா புருவம் திருத்தும் சாமணத்தால் அதைப் பிடுங்கி எடுத்தாள். எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஃபிட்டிங்கு பாஸு. வெளிய வர்றதுலதான் கோளாறு," என்றாள்.

அடுத்து கம்பெனியிலிருந்து மஞ்சள் நிற இயர் பிளக்குகள் வந்தன. மெஷின் இரைச்சலுக்காகத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பஞ்சு போன்ற அடைப்பான்கள். அங்கே அதை யாரும் காதில் வைப்பதில்லை, தையல் ஊசி குத்தி வைக்கத்தான் பயன்படுத்துவார்களாம். அக்கா வாஷரில் துளை போடும் பன்ச் கருவியால் அதன் நடுவில் ஓட்டை போட்டு, தீர்ந்துபோன ரீஃபில் குழாயைத் துண்டாக்கிச் செருகி, இயர்போன் முனையில் மாட்டினாள். விரலால் நசுக்கிக் காதில் வைத்தால் அது மெதுவாக உப்பி, இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்க அதை மாட்டிக்கொண்டு ராயபுரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் திருவொற்றியூர் என்று கத்தியது கேட்கவே இல்லை. எண்ணூரில் இறங்கி, திரும்ப இன்னொரு பஸ் பிடித்து வந்தேன். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எண்ணூரு வரைக்குமா போன? சூப்பரு! சீல் புட்ச்சிகிச்சு!"

"இடது காது வலிக்குதுக்கா. வலது லூசா இருக்கு."

அக்கா முகம் மாறியது. வெர்னியரை எடுத்தாள். வலது காதை அளந்தாள், இடது காதை அளந்தாள், மறுபடி வலதுக்குப் போனாள்.

"ரெண்டு காதும் ஒரே சைஸுன்னு எவன் சொன்னான்? லெஃப்ட்டு சின்னது, கொஞ்சம் கோணல் வேற. ஒரே அச்சுல ரெண்டு பிளக்கையும் ஊத்துனவன் மட்டும் கையில கெடச்சான்..."

பரீட்சைக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம். பிளேடும் உப்புத்தாளுமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இடதுக்கு ஒல்லியாக, சாய்வாக ஒன்று, வலதுக்குக் குண்டாக ஒன்று செய்தாள். மாட்டிவிட்டாள். கேசட்டை ஓடவிட்டாள். குக்கர், லாரி, பாத்திரம். அதற்கு அடியில், யாரோ என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பேசுவது போல ரஞ்சிதம்மா: "மூணு துன்னுட்டு நாலாவது இட்லிக்கு மொறைக்கிறாளுங்க பாரு... வயிறா, கன்டெய்னரா..."

"கன்டெய்னராம் அக்கா! நம்ம வயிறு கன்டெய்னராம்!" என்று குதித்தேன்.

அக்கா டக்கென்று ஸ்டாப் பட்டனை அழுத்தினாள். எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவாள். பிறகு அந்த ஹாஸ்டல் சரித்திரத்திலேயே முதல்முறையாகச் சொன்னாள்: "உக்காந்துச்சு."

மறுநாள் ஆபீஸில் டீம் லீடர் என் காதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, காதுல மஞ்சள் கிழங்கு?" என்றார். சிரித்துவிட்டு, ஆடியோவை ஓட்டும் கால் பெடலை மிதித்தேன். கீழே லாரிகள் எங்கோ வேறு மாநிலத்தில் நின்றன. டாக்டர் என் காதுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். வாலை விழுங்கினாலும் விழுங்கும் சத்தத்தோடு கேட்டது. சத்தத்தைக் கூட்டவே இல்லை, காது வலிக்கவும் இல்லை. முடித்துப் பார்த்தால் முழு ரிப்போர்ட்டில் ஒரு கோடுகூட இல்லை. டீம் லீடர் ஆடியோவை மூன்று தடவை ஓட்டிச் சரிபார்த்தார். அவருக்கே கேட்காத இடங்களில் நான் டைப் அடித்திருந்தேன். அன்றே வேலை நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டார். நான் மாடிப்படியில் ஓடி இறங்கி, வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்துக் கை தட்டினேன். ஒரு டிரைவர் பதிலுக்கு ஹாரன் அடித்தார்.

அந்த வாரமே எங்கள் ஆபீஸ் ஹாஸ்டல் வாசலில் நின்றது. அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து காது காதாக அளந்தாள். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. அதனால் எங்கள் டீம் லீடர், ஊரே வேடிக்கை பார்க்க, தெருவில் நின்றபடி கேட் கம்பிகளுக்கு நடுவே காதை நீட்டிக்கொண்டிருந்தார். "ஆடாத சாரே! ரைட்டு பாஸு. லெஃப்ட்டு காட்டு," என்று அக்கா அதட்ட, அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். எனக்கு அன்று வந்த சிரிப்பு இன்னும் தீரவில்லை.

அடுத்த ஞாயிறு, அக்கா துணி காயப்போடப் போயிருந்தபோது, அந்த மாஸ்டர் சாம்பிளை மறுபடி கேட்க ஆசை வந்தது. மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். கன்டெய்னர் வசவு வந்தது. நிறுத்த ஆளில்லாததால் கேசட் மேலே ஓடியது. ரஞ்சிதம்மா, பாத்திரம் தேய்க்கும் தன் தங்கையிடம் பேசுகிறாள், அதே அடிக்குரலில்: "ஏ, அந்த ரிஜக்ட்டு இன்னும் வேலை முட்ச்சி வர்ல. பாவம், நின்னுகினே வேலை பாக்குது. நல்ல இட்லியா ரெண்டு பாத்து எட்த்து மூடி வையி. கோணல் இல்லாம கீதான்னு பாரு."

திரும்பினால் அக்கா கதவருகே நின்றிருந்தாள், கையில் காலி பக்கெட்டோடு.

"இது தெரிஞ்சுமாக்கா தினம் அவங்க இட்லிய ரிஜக்ட் பண்றீங்க?"

"பின்ன? நா பாஸுன்னு சொல்லிட்டா, அப்பறம் எனுக்குன்னு பாத்து யாரு எட்த்து வைப்பா?" என்றாள். பக்கெட்டைக் கீழே வைக்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

நான்கு வருஷம் கழித்து நான் ஹாஸ்டலைக் காலி செய்தேன். ஆட்டோவில் பெட்டியை ஏற்றியபோது அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கை கைப்பைக்குள் போனது. வெர்னியர்தான் என்று நிமிர்ந்து நின்றேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ பாஸு. கிளம்பு," என்றாள்.

இப்போது விற்கிற இயர்போனோடு சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி முனைகள் தருகிறார்கள். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன் அக்கா. இடது காதில் எதுவும் உக்காரல.