லிட்மஸ் அண்ணாச்சியும் புளித்துப்போன சரிவும்

மனிதர்களைச் சாதி, மதம், கட்சி என்று பிரித்துப் பார்க்காத ஒரே ஆள், தேயிலைத் தோட்ட மலையூரான எங்கள் சூரியநெல்லியில் லிட்மஸ் அண்ணாச்சிதான். அவருக்கு உலகமே இரண்டு கட்சி. நீலத் தாளைச் சிவப்பாக்குவது ஒன்று, சிவப்புத் தாளை நீலமாக்குவது இன்னொன்று. கடவுளே நேரில் வந்தாலும், கும்பிடுவதற்கு முன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிடுவார்.

பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கும். இவர் பையில் லிட்மஸ் தாள். மலையிறங்கிப் போடிக்குப் போகிறவர்கள் முறுக்கும் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தால், அண்ணாச்சி தாள் வாங்கி வருவார். ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்குள் தாளை விட்டார். சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். "கோவப்படாதியும் ஓய், நல்ல செவப்பு. பாஸ்!" என்று அண்ணாச்சி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அவருடைய உண்மையான காதல் மண்மீதுதான். எந்த மண்ணைக் கண்டாலும் ஒரு பிடி அள்ளி, மழைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்துத் தாளை நனைப்பார். கலக்குவதற்கு வீட்டு டம்ளர்கள். ஒருமுறை நான் போனபோது மேசையில் வரிசையாக டம்ளர்கள் இருந்தன. பால் விடாத கட்டஞ்சாயா என்று நினைத்து ஒன்றை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டேன். அண்ணாச்சி பதறவே இல்லை.

"அடடா, மேக்குச் சரிவக் குடிச்சிட்டியளே தம்பி! பரவால்ல, கிழக்குச் சரிவு இருக்கு. எப்படி, புளிப்பா இருந்துச்சா?"

மண்வாசனையைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அதன் ருசி அன்றுதான் தெரிந்தது.

நான் குடித்த அந்த மேற்குச் சரிவுதான் இந்தக் கதைக்கே காரணம். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுத் தோட்ட நிர்வாகம் சும்மா போட்டிருந்த இடம். பெண்கள் குழுவின் தலைவி செல்வி, மேனேஜரிடம் நடையாய் நடந்து அதைப் பீன்ஸ் போட வாங்கியிருந்தார். முதல் பட்டத்தில் கொடிகள் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி, அப்படியே உட்கார்ந்துவிட்டன. மலையாளியான மேனேஜர் வந்து பார்த்தார்.

"சேச்சி, அடுத்த தவணையும் இங்ஙன தன்னே இருந்தா, ஞான் இவிட டூரிஸ்ட் ஜீப்புக்கு ஷெட்டு போட்டுரும், கேட்டோ."

செல்விக்கு அது வெறும் பீன்ஸ் இல்லை. மூன்று தலைமுறையாக அடுத்தவர் செடியில் கொழுந்து கிள்ளிய குடும்பம். தான் நட்டதில் தானே பறிக்கிற ஒரு காய்க்காக அவர் காத்திருந்தார்.

செல்வியோடு சரிவுக்குப் போய், மண்ணைக் கலக்கி அண்ணாச்சி தாளை விட்டார். வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்தது.

"தேயிலைக்குப் புளிச்ச மண்ணு பிடிக்கும். அதுக்குன்னு காலங்காலமா உரத்தக் கொட்டி இன்னும் புளிக்க வச்சிருக்காவ. பீன்ஸுக்கு ஆகுமா? பந்தியில சோறு இருக்கு செல்வி, செடிப் புள்ளைக்கு வாயத் தொறக்க முடியல. அதான் பட்டினி."

பிறகுதான் கொடிகளை உற்றுப் பார்த்தார். எல்லாவற்றின் தலையும் தேயிலை போலவே மட்டமாகக் கிள்ளப்பட்டிருந்தது.

"இத யாரு கிள்ளுனா?"

"நாங்கதான் அண்ணாச்சி. கிள்ளுனாத்தான கொழுந்து வரும்?"

"கொழுந்த வச்சா கொழம்பு வைக்கப் போற?"

வைத்தியம் சொன்னார். முதலில் கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, மண்ணில் தூவிக் கொத்தவேண்டும். நாலு மழை விழட்டும். அப்புறம் சாணி எரு. தேயிலை உரத்தைத் தொடவே கூடாது. சொல்லிவிட்டுப் போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பசியோடு எதையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், மண்ணாக இருந்தாலும். வெறும் சுண்ணாம்பைத் தின்று மண் எப்படி இருக்கும் என்று இரக்கப்பட்டார்கள். தேயிலைக்குப் போடும் வெள்ளை உரத்தையும் கும்மாயத்தையும் ஒரே டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, கம்பால் கலக்கினார்கள். ரெண்டு நடைக்கு ஒரு நடையாகப் போகுமே!

அடுத்த நிமிடம் கிளம்பிய நாற்றத்தை எழுத என் தமிழ் போதாது. மூக்குக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகுவது போல இருந்தது. கோழிகள் கூரைமேல் ஏறின. "பேக்டரியில கேஸ் வெடிச்சிட்டு!" என்று ஒரு குரல். லயமே ஜங்ஷனை நோக்கி ஓடியது. ஓட்டத்தில் முதலிடம் எனக்கு. அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

சரியாக அப்போது தாம்பூலப் பையோடு அண்ணாச்சி ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒருமுறை மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது. நாங்கள் கீழே ஓட, அவர் வேட்டியை மடித்துக்கட்டி மேலே ஓடினார். சிவப்புத் தாளை எச்சிலில் நனைத்து, சாமி ஊர்வலத்தில் கொடி பிடிப்பது போலத் தலைக்குமேல் பிடித்திருந்தார். தாள் காற்றிலேயே நீலமாக மாறியது.

"அம்மோனியா! சர்வீஸ் பூரா பாட்டில்லயே பாத்தேன், இப்பதாம்யா காத்துல பாக்கேன்!"

கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். நாற்றத்தாலா, பேரானந்தத்தாலா, தெரியாது.

டிரம் பக்கத்தில் செல்வி மட்டும் ஓடாமல் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"நானே கெடுத்துட்டேன்ல அண்ணாச்சி? ஷெட்டுப் போட்டுருவாகல்ல?"

அண்ணாச்சி தாளை மடித்துப் பையில் வைத்தார். "என்னத்தக் கெடுத்த? சுண்ணாம்பும் அந்த உரமும் சேந்தா சத்து புகையாப் போயிரும். செடிக்குப் போட்ட சோறு மேகத்துக்குப் போயிட்டு, அம்புட்டுத்தான். மண்ணு எங்கயும் ஓடலல்லா? முதல்ல ஓடுனது பூராம் இந்த ஆம்பளப் பயலுவதான்."

அதன்பிறகு சரிவுக்கு அவரே காவல். கும்மாயத்தைத் தனியாகத் தூவவைத்தார். மழைக்குக் காத்திருந்தார். எருப் போடவைத்தார். யாராவது இரக்கப்பட்டு உரத்தோடு வந்துவிடுவார்களோ என்று, ரேஷன் அரிசிப் பையைக்கூட நிறுத்தி மோந்து பார்த்தார். நான் கொண்டுபோன பல்பொடிப் பொட்டலம் ஒருநாள் பறிமுதலானது.

மேனேஜர் மறுபடி வந்தபோது சரிவே தெரியவில்லை. கம்புகளில் பந்தலாகப் பச்சை, அதற்குள் கொத்துக் கொத்தாகக் காய். அண்ணாச்சி டம்ளரை நீட்டினார். தாள் சிவப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல் கத்திரிப்பூ நிறத்தில் நின்றது.

"சார், மண்ணு இப்ப யார்கூடயும் சண்டையில இல்ல."

"பறிச்சோளூ சேச்சி," என்று பறிக்கச் சொன்னார் மேனேஜர்.

செல்வி இரண்டு கையாலும் பறித்தார். பறித்ததைப் பழக்கதோஷத்தில் தோளுக்குமேல் பின்னால் வீசினார். முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. பின்னால் மேனேஜர் இருந்தார். வாழ்க்கையின் முதல் சொந்த அறுவடை அவர் முகத்திலேயே விழுந்தது. மேனேஜர் தன் சட்டைக் காலரில் சிக்கியிருந்த பீன்ஸை எடுத்து ஒடித்தார். 'டிக்'கென்று சத்தம் கேட்டது. வாயில் போட்டு மென்றார்.

"ஷெட்டு வேற எடத்துல போடலாம், கேட்டோ," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் பீன்ஸ் பொரியல்தான். கொழுக்குமலையும் மேகமும் பார்க்க வருகிறவர்கள், இவ்வளவு பிஞ்சாக எங்கே கிடைத்தது என்று கேட்கிறார்கள். "எங்க அண்ணன் பாத்துக்கிற மண்ணு" என்கிறேன். கூடப் பிறந்தவரா என்றால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.