ஐஸ்கிரீம் வரிசையில் ஒத்த ஆள்

சியென்ஃபுவேகோஸ்,
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி

பொலிவியாவில் ஒரூரோ சந்தையில் உருளைக்கிழங்குக் கடை நடத்திவரும் மதிப்பிற்குரிய அக்கா எவுசேபியாவுக்கு, கியூபாவில் டாக்டருக்குப் படிக்கும் தங்கை டெல்ஃபினா பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்கால், அத்தானின் லாரி, குழந்தைகளின் சளி எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதெல்லாம் கீழே.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வருகிறேன். "மூணு மாசம்கூடத் தாங்க மாட்டே" என்று பேருந்து நிலையத்தில் வைத்துச் சொன்னாய். நான்கு மாதம் தாங்கிவிட்டேன், அதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள். அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவர் தெரு முழுக்க என்னை டாக்டர் ஆக்கிவிட்டார் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஏன் வருகிறாய் என்று கேட்பாய். ஐஸ்கிரீம்தான் காரணம். சிரிக்காதே.

இந்த ஊரில் வரிசை என்றால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பதில்லை. வருகிறவர் "யாரு கடைசி?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும், கடைசியாக வந்தவர் விரலைத் தூக்குவார், அவரிடம் "நீங்க யாருக்குப் பின்னாடி?" என்றும் கேட்டு வைத்துக்கொண்டால் முடிந்தது, அப்புறம் மரத்தடியிலோ எதிர்த்த படிக்கட்டிலோ எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், வரிசை அவரவர் தலைக்குள் இருக்கும். இதை எனக்கு யார் சொன்னார்கள்? முதல் ஞாயிறு ஐஸ்கிரீம் கடைக்குப் போனபோது வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை, ஆகா நம் அதிர்ஷ்டம் என்று கதவைத் தள்ளினேன், அவ்வளவுதான், எதிரே இருந்த பூங்கா மொத்தமும் எழுந்து நின்று திட்டியது. அடுத்த ஞாயிறு புத்திசாலித்தனமாக ஒரு பெரிய முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் நிழலுக்கு நகர்ந்தால் நானும் நகர்ந்தேன், அவர் தண்ணீர் குடிக்கப் போனால் நானும் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் திரும்பி, "ஏம்மா, நான் வரிசையில இல்ல. என் மாமியாருக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். நீயும் அவளுக்காகவா நிக்கிறே?" என்றார்.

ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். கற்றதும் வேறு பைத்தியம் பிடித்தது. விடுதி அறையில் நாங்கள் எட்டுப் பேர், மற்ற ஏழு பேருக்கும் ஆடத் தெரியும், வேகமாகப் பேசத் தெரியும், நான் நம் ஊர் வேகத்தில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர்கள் இரண்டு கதை தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே எல்லோரும் எல்லோரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று பேருந்துக்காரர்கூட "செல்லம், இடமில்ல, எறங்கு" என்றார். ஆனால் என் பெயரைச் சொல்வது ஒரே ஒரு பேராசிரியர்தான், அதுவும் வருகைப் பதிவு எடுக்கும்போது, தலை நிமிராமல். வரிசையில் அப்படி இல்லை அக்கா. "யாரு கடைசி?" என்று கேட்டால் நான் விரலைத் தூக்குவேன், வந்தவர் என் முகத்தை நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்வார், ஏனென்றால் என்னைத் தொலைத்தால் நஷ்டம் அவருக்கு. அந்த ஒரு பார்வைக்காகக் கண்ட வரிசையிலெல்லாம் போய் நின்றேன். என் கட்டிலுக்கு அடியில் இப்போது ஷூ பாலிஷ் இரண்டு டப்பாவும் பிரஷர் குக்கர் ரப்பர் வளையம் மூன்றும் இருக்கின்றன. குக்கர் இல்லை.

இன்றைக்கு ஐஸ்கிரீம் வரிசையில் இரண்டரை மணி நேரம் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்மணி வீட்டுக்கு வாங்கிப்போக ஒரு அலுமினியப் பாத்திரத்தோடு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, நான் பொலிவியாக்காரிக்குப் பின்னாடி" என்று ஊருக்கே அறிவித்துவிட்டு நிழலுக்குப் போனாள். என் முறை வந்தது. வாசல்காரர் "எத்தன பேரு?" என்றார். ஒருத்திதான் என்றேன். மேசைகள் எல்லாம் நான்கு பேருக்கானவை. அவர் உள்ளே பார்த்து, "ஒத்த ஆள் ஒண்ணு நிக்குது! யாராவது கூடச் சேத்துக்குவீங்களா?" என்று கத்தினார். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. யாரும் கையைத் தூக்கவில்லை. ஒரு நிமிடம் நின்றேன், பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அறையில் யாரும் இல்லை, அதனால் இங்கேயும் வசதியாக அழுதேன்.

எனவே வருகிறேன். கடையில் மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குகிறேன். அப்பாவுக்கு என் வணக்கமும் மன்னிப்பும், அத்தானுக்கு மரியாதையும், குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தமும் பிரித்துக் கொடுக்கவும்.

உன் கீழ்ப்படிந்த தங்கை,
டெல்ஃபினா

பின்குறிப்பு: ஆறரை மணி. உறையை ஒட்டப் போனபோது கீழே காவலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இறங்கிப் போனால் அந்தப் பெண்மணி, காலிப் பாத்திரத்தோடு. பெயர் மிக்டாலியாவாம். "ஏண்டி, போறவ பின்னாடி இருக்கறவகிட்ட சொல்லிட்டுப் போக மாட்டே? நான் வந்து பொலிவியாக்காரிக்குப் பின்னாடின்னா, எந்தப் பொலிவியாக்காரின்னு கேக்கறானுங்க! கடைசிக்குத் தள்ளிட்டானுங்க, அதுக்குள்ள தீந்தும்போச்சு. எங்கம்மா வீட்ல வெறும் ஸ்பூனோட உக்காந்திருக்கா! நாலு தெரு விசாரிச்சு உன்னைப் பிடிச்சிருக்கேன்" என்று மூச்சு விடாமல் திட்டினாள். இந்த நாட்டில் என்னைத் தேடிக்கொண்டு வந்த முதல் ஆள் அக்கா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "சரி சரி, அழாதே. நாளைக்குக் கடை லீவு. செவ்வாக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து நில்லு. இந்தத் தடவை உன்னைக் கண்ண விட்டு நகர விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேலே எழுதியதைக் கிழிக்கலாம்தான், ஆனால் இங்கே தாளுக்கும் வரிசை. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. செவ்வாய்க்கிழமை எனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது.