இரண்டு காப்புக் கட்டிக்கொண்ட மாமனார்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சிவசங்கர் அவர்களுக்கு,

மாமனார் பிச்சமுத்து எழுதிக்கொண்டது. லிஸ்பன் நகரில் தாங்களும் என் மகள் அறிவுமதியும் சுகமாக இருக்கச் சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. இவ்விடம் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். ஆகையால் அதை என்னைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

மாமனாரிடமிருந்து கடிதமா, என்ன விபரீதமோ என்று பயப்பட வேண்டாம். போனில் நாம் இருவரும் 'சாப்டீங்களா மாமா', 'ஆச்சுங்க மாப்ள, நீங்க?' என்பதைத் தாண்டி என்றைக்கும் போனதில்லை. அதற்குள் அறிவு போனைப் பிடுங்கிவிடுவாள். இப்போதெல்லாம் அவள் பிடுங்குவதில்லை. பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கிறது, அதுவும் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்க்கிறாள். அவள் கோபம் நியாயம்தான். நடந்ததை உங்களிடம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வேண்டுகோளும் வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அவள் எனக்குத் தெளிவாகவே சொன்னாள். "அப்பா, உங்க ரெசிடென்ஸ் கார்டைப் புதுப்பிக்க அப்ளை பண்ணியிருக்கோம். புதுசு வர்ற வரைக்கும் நாட்டை விட்டுப் போகாம இருக்கிறதுதான் நல்லது. போயே ஆகணும்னா பழைய கார்டு தேதி முடியறதுக்குள்ள திரும்பிடுங்க. தாண்டிட்டா புதுசு வர்ற வரைக்கும் உள்ள வர முடியாது." நானும் தலையாட்டிவிட்டு, மருங்காபுரிப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பி வந்தேன். உங்கள் அத்தை காலமான பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவே இல்லை. காப்புக் கட்டுவதைப் பார்த்துவிட்டு மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறுவதாகத்தான் திட்டம்.

காப்புக் கட்டும் நேரத்தில் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். பங்காளி மதுரைவீரன் கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் வலது கையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, பெரியப்பா மகன் போனப்புறம் மூத்த கை உங்க கைதான், நீட்டுங்க" என்று மஞ்சள் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். காப்புக் கட்டியவன் விழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கார்டு, தேதி, லிஸ்பன் என்று என்னென்னவோ சொல்கிறேன், மேளச் சத்தத்தில் அவன் காதில் எதுவும் ஏறவில்லை, ஏறினதும் "ஆத்தாளை விட அந்த ஆபீசு பெருசாண்ணே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான், அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க. சரி, விழா முடிந்தாலும் கார்டுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள், ஒரு வருஷமாக இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்த கீழத்தெருப் பெரியவர், அன்றைக்குப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார். ஊரில் தீட்டு, விழா நின்றுவிட்டது, ஆனால் கையில் கயிறு மட்டும் நிற்கிறது. பஸ் ஸ்டாப் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்று திருச்சி பஸ் வர்றதையும் போறதையும் பார்த்துக்கிட்டே இருந்தேன். கார்டு தேதி அங்கேயே முடிஞ்சு போச்சு.

எல்லை தாண்டாதே என்று உங்கள் ஊர் ஆபீஸ் ஒரு காப்புக் கட்டியது, ஆத்தா ஒரு காப்புக் கட்டினாள். ஆத்தா கட்டினதை அவிழ்த்தாயிற்று, ஆபீஸ் கட்டினது இன்னும் அவிழவில்லை.

இங்கே என் நிலைமையைக் கேளுங்கள். வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன் என்பதால், இப்போது ரங்கநாயகி மாமி வீட்டு மாடி போர்ஷனில் இருக்கிறேன். மாமி நல்ல மாதிரி. தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, "எப்போ பொறப்படறேள்?" என்று கேட்பதோடு சரி. காலையில் என்னோடு வாக்கிங் வந்தவர்கள், நான் லிஸ்பன் கிளம்பிய அன்றைக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, கண் கலங்கி வழியனுப்பினார்கள். இப்போது என்னைப் பார்த்தால் ஏமாந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார்கள். அதனால் நான் வேறு தெரு வழியாக நடக்கிறேன். நேற்று ஒரு பெண் போன் செய்து, லோன் வேணுமா சார் என்றாள். குரல் நன்றாக இருந்தது. எந்த ஊரும்மா, சாப்டியாம்மா, அப்பா என்ன பண்றார் என்று விசாரித்தேன். அவளே கட் பண்ணிட்டா. தனியாக இருக்கிறது மாப்பிள்ளை, மறைத்து என்ன ஆகப்போகிறது.

இருந்தாலும் யோசித்துப் பார்த்துவிட்டேன். என் வேண்டுகோள் இதுதான்: என் பேரில் போட்ட அப்ளிகேஷனைத் தயவுசெய்து வாபஸ் வாங்கிவிடுங்கள். நீங்கள் இருவரும் லீவு போட்டு லீவு போட்டு எனக்காக அலைந்தது போதும். அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன். தெருவெல்லாம் மேடு, மூட்டு ஒத்துழைக்காது. எதிர்வீட்டு அம்மாள் காலை வணக்கமாக 'போம் தியா' என்பாள், நானும் 'போம் தியா' என்பேன், அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. பிறந்த மண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அறிவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். என்னிடம் அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

தாங்களும் அவளும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்,
பிச்சமுத்து.

பி.கு.: திங்கள் காலை. கவரை ஒட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, அனுப்புறவங்க அட்ரஸும் லிஸ்பன், வாங்குறவங்க அட்ரஸும் லிஸ்பன், ஒரே கதவு நம்பரு. அனுப்புநர்ல உங்க வீட்டு அட்ரஸ எழுதுங்க" என்றாள். "அதத்தாம்மா எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு கவரைப் பிரித்து நின்றவாக்கிலேயே இதை எழுதுகிறேன். மேலே கண்ட வேண்டுகோளைத் தள்ளுபடி செய்யவும். வாபஸ் வாங்கிடாதீங்க மாப்ள. அப்பாவுக்கு வீட்டுக்கு வரணுமாம்னு அறிவுகிட்ட சொல்லுங்க.