மச்சினன் மார்பில் ஏறிய புலி

பிள்ளைகளே, ஒரு வேலை அறவே தெரியாதவனால் பெரிய ஆபத்து கிடையாது. அந்த வேலைக்குப் பக்கத்து வேலை தெரிந்தவன்தான் ஆபத்தானவன். நான் பக்கத்து வேலை தெரிந்தவன்.

போடியில் ஏலக்காய் சேமித்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் மூட்டைகளுக்கு மார்க்கா போடுவது என் தொழில். எழுத்து வெட்டிய தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மை தடவி எடுத்தால் கடையின் பெயர் பளிச்சென்று நிற்கும். ஒரு பூச்சுப் பூசினால் நம் ஊர்ச் சாரலுக்கே அழுதுவிடும். மூன்று பூச்சுப் பூசினால் வடக்கே எந்த ஊருக்குப் போனாலும் அழியாது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த எனக்கு இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான்.

என் மகள் மதுமிதாவுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் புலி ஆட்டம். கையில் புலிக்கோடு வேண்டும், வியர்வையில் வழியவும் கூடாது என்றாள். 'ஏர்பிரஷ் டாட்டூ' என்று ஒன்று இருப்பதைக் கைப்பேசியில் அவள்தான் காட்டினாள். பச்சை குத்துவது போல ஊசி கிடையாது. பேனா மாதிரி ஒரு சின்னத் துப்பாக்கி, அதற்குக் காற்றுத் தர ஒரு குட்டி மோட்டார், தோலுக்கென்றே தயாரித்த மை. படம் வெட்டிய தகட்டைத் தோலில் ஒட்டி மையைப் பீச்ச வேண்டியதுதான். சில நாளில் தானாகப் போய்விடும்.

'தகடு' என்று கேட்டதும் எனக்குள் இருந்த கலைஞன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். (அதற்கு முன்பு அவன் எழுந்ததே இல்லை. பின்பும் எழவில்லை.) உடனே ஆன்லைனில் வரவழைத்தேன்.

பெட்டி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடுத்தவுடன் பிள்ளை மேல் செய்து பார்க்க மனம் வரவில்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே என் மனைவியின் தம்பி ஈஸ்வரன் சட்டையில்லாமல் படுத்திருந்தான். அகலமான மார்பு. புதுச் சாக்கு மாதிரி ஒரு சுருக்கம் இல்லை.

அவன் கெங்குவார்பட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரவில்லை. மறுநாள் காலை தேனியில் அவனுக்குச் சீருடைப் பணிக்கான உடல்தகுதித் தேர்வு. முந்தைய தேர்வில் ஓட்டத்தில் தோற்றிருந்தான். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"மச்சான், நாளைக்குச் சட்டையக் கழட்டச் சொல்லி மார்பளவு எடுப்பாக. பச்சை கிச்சை இருந்தா வெளிய தள்ளிருவாகன்னு கோச்சிங்ல சொல்லியிருக்காக."

"இது பச்சை இல்ல மாப்ள. சோப்புப் போட்டா ஓடிரும்."

"நெசமாவா?"

"மார்க்காக்காரன் சொல்றேன்ல!"

சோப்புப் போட்டால் ஓடிவிடும் என்று நான் எங்கும் படிக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அந்த நிமிடம் எனக்கே தோன்றியது.

பெட்டியில் இருந்ததெல்லாம் குட்டிக்குட்டிப் பட்டாம்பூச்சித் தகடுகள். அவ்வளவு பெரிய மார்புக்கு இது காணாது என்று நானே அட்டையில் ஒரு புலித்தலை வெட்டினேன். எழுத்து மட்டுமே வெட்டிப் பழகிய கை அல்லவா? பல்வலி வந்த புலியாக அமைந்துவிட்டது. முதலில் பஞ்சால் தோலின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தேன். (இதைச் சரியாகவே செய்தேன். அதுவும் வினையாயிற்று.) மெல்லிசாக ஒரு பூச்சுப் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். வடக்கே போகிற சரக்கைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நான் மூன்று பூச்சு அடித்தேன். கூடவே வந்த பவுடரையும் அள்ளித் தட்டினேன்.

"மாமா, மூச்ச இழுங்க!" என்றாள் மதுமிதா.

ஈஸ்வரன் மூச்சை இழுத்தான், புலி வாயைப் பிளந்தது. விட்டான், மூடிக்கொண்டது. மூன்று பேரும் கைதட்டி, அலுக்கும்வரை புலியை உறுமவிட்டு விளையாடினோம். அப்புறம் அவன் குளிக்கப் போனான்.

"மச்சான்! போகல மச்சான்!"

"இன்னுங் கொஞ்சம் சோப்புப் போடு மாப்ள!"

"சோப்பே தீந்துருச்சு மச்சான்!"

சோப்புக்குப் பின் சீயக்காய். அதற்குப் பின் கடலை மாவு. கடைசியில் தேங்காய் நார். நார் போட்டுத் தேய்த்ததில் சுற்றியிருந்த தோல்தான் சிவந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில் புலி முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

கடைக்குப் போயிருந்த என் மனைவி வனிதா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"என்னங்க இது?"

"புலி."

"அது தெரியுது. எந்தம்பி நெஞ்சுல எதுக்கு இருக்கு?"

"ஒரு டெஸ்ட்டுக்கு..."

"மார்க்கா போட்டு லாரில ஏத்துறதுக்கு அவன் என்ன ஏலக்கா மூட்டையா?"

ஈஸ்வரன் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் தலையைக் குனிந்து, "விடியமுன்ன எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுனேன்க்கா" என்று மட்டும் சொன்னான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. புலியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார். "மாப்ள, நீங்க பக்கத்துல இருக்கீகன்னுதான் அவன தைரியமா அனுப்பி வச்சேன்."

"ஆமா மாமா. பக்கத்துலதான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு, "கிட்டங்கில மை கழுவுற தின்னர் இருக்கு, எடுத்தாரவா?" என்றேன்.

"அதக் கொண்டாந்தீக, நீங்களும் கிட்டங்கிலயே படுத்துக்கங்க" என்றாள் வனிதா. (அவள் சொன்னதுதான் சரி, பிள்ளைகளே. தின்னரைத் தோல் பக்கமே கொண்டு போகக் கூடாது.)

தம்பியின் மார்பு புண்ணாகிவிடப் போகிறதே என்று அவள் தேங்காய் எண்ணெயை எடுத்து மெதுவாகத் தடவினாள். எரிச்சல் அடங்கட்டும் என்றுதான். தடவிய கையைப் பார்த்தவள் கத்தினாள்.

"ஏங்க! ஒரு காதக் காணோம்!"

நான் பதறிப்போய் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். காணாமல் போனது புலியின் காது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாத அந்த மை, எண்ணெய் பட்டதும் இளகி வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஆளுக்கொரு பஞ்சோடு புலி மேல் பாய்ந்தோம். மதுமிதா மீசையை எடுத்தாள். நான் பல்வலிப் பல்லை எடுத்தேன். கடைசிக் கோடும் போனபோது எனக்கு வந்த நிம்மதியில், வனிதா என் தலையில் வைத்த குட்டுகூடத் தடவிக்கொடுத்தது போல இருந்தது.

எங்கேயாவது மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று மறுநாள் காலையும் எண்ணெய் தேய்த்தே அனுப்பினோம். அளவு நாடா அவன் மார்பில் நிற்காமல் வழுக்கியதாம். "ஏம்ப்பா, நீ செலக்‌ஷனுக்கு வந்தியா, குஸ்திக்கு வந்தியா?" என்று அதிகாரி கேட்க, மைதானமே சிரித்ததாம். மதியம் நான் கிட்டங்கியில் இருந்தபோது போன் வந்தது. "மச்சான், எல்லாத்துலயும் பாஸு!" நான் நின்ற இடத்தில், ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதுமிதாவின் கைக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சுத்தான் போட்டேன். ஆட்டம் முடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம், போய்விட்டது.

போன வருடம் ஈஸ்வரனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்தவர் முகத்துக்கு மேக்கப் போட ஏர்பிரஷ் கொண்டுவந்திருந்தார். அடுத்த அறையில் மோட்டார் ஓடத் தொடங்கியதும், பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அக்கா! மச்சான் எங்கன இருக்காக?"

"பந்தில சாம்பார் ஊத்திக்கிட்டிருக்காக."

"அப்பச் சரி" என்று உட்கார்ந்தான்.

அதைக் கேட்ட சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது, "எல்லாம் நல்லபடியா நடக்குதா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஒரு பயமும் இல்ல. மச்சான் சாம்பார் ஊத்திக்கிட்டிருக்காக."