காபி கப்பில் மாமா

திண்டிவனம்,
18.8.2014

பாசமும் மரியாதையும் மிகுந்த என் மாமா தொம்மை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மனைவி அமல்ராணியின் உடன்பிறந்த தம்பியும் சவுரி டிஜிட்டல் ஸ்டுடியோவின் உரிமையாளருமான சவுரிராயன் பணிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மனைவி பவுலினும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் அக்காவும் கெடாரில் நிலபுலன்களோடு நலமாயிருக்க மன்றாடுகிறேன். என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்தாலும், "அவரு பக்கத்துலதான் இருக்காரு, இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறது. ஆகையால் தபாலில் வருகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தங்கள் மகள் வெனிலாவின் கல்யாணப் படங்களை எல்லாருக்கும் சி.டி.யில் போட்டுக் கொடுத்தேன் அல்லவா? விழுப்புரத்தில் சம்பந்தி அப்பாதுரை வீட்டு சி.டி. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற இடத்தில் நின்றுவிட்டது, கட்டவே இல்லை. வெனிலா குவைத்துக்கு எடுத்துப் போன சி.டி. பெட்டிக்குள்ளேயே உடைந்தது. ஆளாளுக்கு எனக்கு இந்தப் படம் பெரிசாக வேண்டும், அந்தப் படம் சின்னதாக வேண்டும் என்று போன். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெகதீசன், "அண்ணே, எல்லாத்தையும் இன்டர்நெட்ல ஏத்திடுங்க. வேணுங்கறவங்க அங்கயே பாத்து அங்கயே ஆர்டர் குடுத்துக்குவாங்க. பிரிண்ட் போட்டு வீட்டுக்கு அனுப்புறது கம்பெனி பாடு. நீங்க சும்மா உக்காந்துக்கினு இருக்கலாம்" என்றான். அந்த 'சும்மா'வில்தான் மாமா நான் விழுந்தேன்.

அதிலும் எந்தக் கம்பெனி என்று பார்க்க வேண்டுமே. ஜெகதீசன் மூன்றைக் காட்டினான். ஒன்றில் பிரிண்ட் பிரமாதம், ஆனால் கவர்மேல் அவன் பேர்தான் இருக்கும், சவுரி ஸ்டுடியோ என்று ஓர் எழுத்துகூட இருக்காது. இன்னொன்றில் நம்ம பேர் இருக்கும், பாஸ்வேர்டு தெரிந்த சொந்தக்காரங்க மட்டும் படம் பார்க்கலாம், ஆனால் வெறும் பேப்பர் பிரிண்ட்தான். மூணாவது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி. அதில் பேப்பர், கேன்வாஸ், காலண்டர், தலகாணி உறை, காபி கப்பு, எதில் கேட்டாலும் படத்தை அடித்துக் கொடுப்பான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், வாங்கலாம். பவுலின் அப்பவே சொன்னா, "கல்யாண வீட்டுப் படம்ங்க, கதவு இருக்கிற கடையாப் பாருங்க"ன்னு. "கதவு சாத்தின கடைக்கு எவன்டி வருவான்?"னு கேட்டுட்டு நான் தலகாணி உறையைப் பாத்துக்கினு இருந்தேன். அந்த மூணாவது கம்பெனியிலயே சேந்தேன், அவன் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல என்னென்னவோ கேட்டான். கேட்ட கட்டத்துலல்லாம் டிக் அடிச்சேன். இப்ப நெனச்சா அந்த விரலை வெட்டிக்கலாம் போல இருக்குது.

முதல் பார்சல் சம்பந்தியோட தங்கச்சி செண்பகம் வீட்டுக்குப் போச்சி. பிரிச்ச உடனே போன். "ஏங்க, எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் தலை இல்லையா?"ன்னு கேக்குறாங்க. நம்ம கேமரா படம் ஒரு அளவு, அவன் பேப்பர் ஒரு அளவு, ஒத்து வராத இடத்தைக் கம்ப்யூட்டரே வெட்டிடுதாம். பங்குசாமி ஆசீர்வாதம் பண்ற படத்துல சாமியைக் காணோம், கை மட்டும் தனியா வந்து ஆசீர்வாதம் பண்ணுது. அடுத்த பார்சல்ல படம் முழுசா இருந்துச்சி, ஆனா அது நம்ம படம் இல்ல, பனியில நிக்கிற யாரோ ஒரு வீட்டு நாய். செண்பகம் மறுபடியும் போன் பண்ணி, "இதுக்குத் தலை நல்லா இருக்குதுங்க"ன்னாங்க. நான் சிரிக்கறதா அழறதான்னு தெரியாம ஜெகதீசனைப் போய்த் திட்டினேன். அவன் "டிக் அடிச்சது நீங்கதானே அண்ணே"ன்றான்.

இதெல்லாம் கூடப் போவுது மாமா. உங்க படத்துக்கு வர்றேன். ஏத்தின அத்தனை படத்துலயும் அதிகம் வித்தது பொண்ணும் மாப்பிள்ளையும் இல்ல, நீங்க. யாரோ ஒருத்தன், கடல் தாண்டி எங்கயோ, உங்களைத் தலகாணி உறையா வாங்கியிருக்கான். அழுவுற உங்க முகத்து மேல தலை வெச்சித் தூங்கினு இருக்கான் பாவி. சம்பந்தி ஆசையா காபி கப்பு வாங்கியிருக்காரு. அது தெரியாம நீங்க நம்ம நிலத்துல வெளஞ்ச மல்லாட்டை ஒரு பை எடுத்துக்கினு விழுப்புரம் போயி, அவங்க வீட்டு நாற்காலியில உக்காந்து, கொடுத்த காபியைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்தா, நீங்களே உங்களைப் பாத்து அழுதுக்கினு இருக்கீங்க. "உங்க படம்தான் சம்பந்தி, வர்ற விருந்தாளிக்கெல்லாம் இதுலதான் குடுக்குறோம்"னு அவரு பெருமையா வேற சொல்லியிருக்காரு. நீங்க காபியை அப்படியே வெச்சிட்டு, செருப்பை மாட்டிக்கினு, வெயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டீங்களாம். "காபியில சக்கரை பத்தலையோ?"ன்னு சம்பந்தி எனக்குப் போன் பண்றாரு. அவருக்கு இன்னி வரைக்கும் புரியல.

எனக்குப் புரியுது மாமா. வெனிலாவைக் கார்ல ஏத்தி விட ஊரே மண்டபத்து முன்னாடி நின்னுச்சி. நீங்க மட்டும் பின்பக்கம், பாத்திரம் கழுவுற இடத்துல, தண்ணி டிரம்மைப் புடிச்சிக்கினு, தோள் துண்டை வாயில அடைச்சிக்கினு நின்னீங்க. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு. நான் கேமராவுக்கு பேட்டரி மாத்த அந்தப் பக்கம் வந்தவன். வந்து உங்க தோள்ல ஒரு கை வெச்சிருக்கணும். மச்சான்னு ஒருத்தன் இருக்கறதே அதுக்குத்தான். நான் கேமராவைத் தூக்கினேன். வெளிச்சம் அவ்ளோ நல்லா இருந்துச்சி மாமா. யாரும் பாக்கக் கூடாதுன்னு ஒதுங்கினவரை உலகமே பாக்குற இடத்துல கொண்டாந்து மாட்டிட்டேன். ஒரு வார்த்தை உங்களைக் கேக்கல. தொழில் கத்துக்கினேனே தவிர இதைக் கத்துக்கல, யாரும் சொல்லிக் குடுக்காமலே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ஆகவே தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், அந்தக் கம்பெனியில் என் கணக்கை முழுவதுமாக மூடிவிட்டேன். படங்கள் அனைத்தையும் அழித்துவிட்டேன். சம்பந்தி வீட்டுக் கப்பையும் கெஞ்சி வாங்கி வந்துட்டேன். உடைக்கத்தான் நெனச்சேன், உங்க முகமாச்சே, கை வரல. பவுலின் துணியில சுத்திப் பரண் மேல வெச்சிருக்கா. வெனிலா அடுத்த மாசம் வளைகாப்புக்கு குவைத்துல இருந்து சம்பந்தி வீட்டுக்கு வர்றா. சம்பந்தி வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே? புள்ளத்தாச்சிப் பொண்ணை வீட்டுக்கு அழைச்சிக்கினு வர அப்பா போவாம வேற யார் மாமா போறது? நான் கேமரா கொண்டார மாட்டேன். நானே வரக் கூடாதுன்னாலும் சரி, திண்டிவனத்துலயே இருந்துக்கறேன். நீங்க மட்டும் போங்க.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். அந்தோணியார் தங்கள் கோபத்தையும் என் புத்தியையும் தம் கையில் எடுத்துக்கொண்டு இரண்டையும் சரிசெய்து திருப்பித் தர வேண்டுமென்று வேண்டி நிற்கும்,

தங்கள் காலடி மச்சான்,
சவுரிராயன்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள ஜெகதீசன் வந்து நின்னான். கணக்கு மூடவே இல்லையாம். மூடுன்னு சொன்னா, நெஜமா மூடணுமான்னு கம்பெனிக்காரன் ஒரு மெயில் அனுப்புவானாம், அதுக்கு ஆமான்னு சொல்லணுமாம். நான் சொல்லல. அதனால படமெல்லாம் அப்படியேதான் இருக்குது, மேலே எழுதினதை நம்ப வேணாம். அது மட்டும் இல்ல, உங்க படத்துக்குப் புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்குது. இருக்கறதுலயே பெரிய சைசு. கேட்டிருக்கறது வெனிலா. சேதி எழுதற எடத்துல இப்படி எழுதியிருக்கா: "மாமா, எந்தப் படத்துக்கு இத்தனை சண்டைன்னு தேடிப் பாத்தேன். நான் கார்ல ஏறும்போது அப்பா வரவே இல்லைன்னு இத்தனை நாளா மனசுல வெச்சிக்கினு இருந்தேன். ஊருக்கு வந்தா அவரைப் புடிச்சித் திட்டணும்னு இருந்தேன். இதை என் ரூம்ல மாட்டணும்." அனுப்பச் சொல்லி ஒரு பட்டன் இருக்குது. அமுக்கல. மாமா, கேட்டுட்டு செய்யலாம்னு இருக்கேன். போனை எடுங்க.