தனக்குப் பதிலாகத் தானே வந்த முயல்

ஒரு காட்டில் பெரியாஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே செவியன் என்ற முயல், டாக்டருக்குப் படித்து முடித்துப் பயிற்சியில் இருந்தது. பயிற்சி என்றால் வேறொன்றுமில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போனபிறகு மிச்சம் கிடக்கிற வேலையெல்லாம் அதன் தலையில்.

இரண்டு நாளாக ராப்பகல் பாராமல் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, விடியும்போது செவியனுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. நாலாம் கட்டில் காலியாகக் கிடந்தது. ஒடிந்த கொம்பை அறுத்தெடுக்க வந்திருந்த புள்ளிமான், ஆபரேஷனுக்குப் பயந்து சற்றுமுன்தான் ஜன்னல் வழியே ஓட்டம் பிடித்திருந்தது.

"அஞ்சே நிமிஷம்" என்று செவியன் அதில் படுத்தது. போர்வையை நெற்றிவரை இழுத்துக்கொண்டது. காது மட்டும் வெளியே நின்றது.

வேலைக்கு வருகிறவர்கள் காலையில் கால்ரேகை வைக்க வாசலில் ஒரு மெஷின் உண்டு. செவியன் வரவில்லை என்று அது கத்தியது.

"எங்கே அந்தப் பய?" என்றது பெரிய டாக்டர் கரடி.

"தெரியலீங்கய்யா. சொல்லாம நிக்கிற புள்ளை இல்ல" என்றது நர்ஸ் கௌதாரி. "மேலுக்கு முடியலையோ என்னவோ. வளைக்கு யாரையாச்சும் அனுப்பிப் பாக்கலாங்களா?"

"முதல்ல மெமோவை அனுப்பு. உசுரோட இருந்தா பதில் வரும், இல்லேன்னா வராது. அதுலயே தெரிஞ்சுபோகும். பயிற்சியை மறுபடி முதல்லேருந்து செய்யணும்னு எழுது."

அப்படியே கரடி வார்டைச் சுற்றி வந்தது. அதற்கு நோயாளியின் முகத்தைப் பார்க்கும் பழக்கமில்லை. கட்டிலில் தொங்கும் அட்டையைப் பார்க்கும், அவ்வளவுதான்.

"நாலாம் கட்டில், கொம்பு ஆபரேஷன். அட, ரெண்டும் எவ்வளவு நீளம்! அடியோட எடுத்துடுவோம். ரம்பத்தைக் கொண்டா."

அந்தச் சத்தத்தில் செவியனுக்கு முழிப்பு வந்தது. வாயைத் திறந்தால் தூங்கியது தெரிந்து ஒரு வருஷப் பயிற்சி போகும். மூடிக்கொண்டு கிடந்தால் காது போகும். வருஷம் திரும்ப வரும், காது வருமா?

"ஐயா, நான் செவியனுங்க!"

"செவியன் இன்னைக்கு வரவே இல்லையே. மெஷினே சொல்லுது. சிஸ்டர், நோயாளி பிதற்றுது. அட்டையில இன்னொரு ஊசி சேர்த்து எழுது."

"ஐயா, நம்ம செவியன் சாடையாத்தான் இருக்கு..." என்று கௌதாரி இழுத்தது.

"மெஷினைவிட உனக்கு அதிகம் தெரியுமா?"

ரம்பம் காதில் பட்டது. "மரத்துப்போக மருந்து குடுக்காம அறுக்கக் கூடாதுங்கய்யா! முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணணும்!" என்று செவியன் அலறியது.

கரடி நிறுத்தியது. "பரவாயில்லையே. ஊசி போடத் தெரியுமா?"

"தெரியுங்க!"

"கட்டுக் கட்ட?"

"தெரியுங்க, தெரியுங்க!"

"அப்ப எந்திரி. அந்தச் செவியன் வராம ஆள் இல்லாம திண்டாடுறோம். அவனுக்குப் பதிலா நீ பாரு. கொம்பை அப்புறம் பாத்துக்கலாம்."

செவியன் எழுந்து வேலையைத் தொடங்கியது. கௌதாரி பக்கத்தில் வந்து, "ஏன் கண்ணு, நீ செவியன்தானே?" என்று மெதுவாகக் கேட்டது.

"சத்தம் போடாதீங்கக்கா. செவியன்னு தெரிஞ்சா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

பொழுது சாயும்போது கரடி வந்து அதன் முதுகில் தட்டிக்கொடுத்தது. "நோயாளியா வந்தும் எவ்வளவு பொறுப்பு! அந்தச் செவியன் உன்னைப் பார்த்துக் கத்துக்கணும். அவனுக்குப் பயிற்சியை ஒரு வருஷம் நீட்டிட்டேன். சரிதானே?"

செவியன் காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு சொன்னது:

"ரொம்ப சரிங்கய்யா. அவனையெல்லாம் சும்மா விடக் கூடாது."

நீதி: ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அசதியாக இருந்தால் கட்டிலுக்கு அடியில் தூங்கவும். மேலே தூங்கினால் வைத்தியம் பார்த்துவிடுவார்கள்.